பாரிஸில் ஏமாற்றிய வாடகை வீடு: கடலூரிலிருந்து வழக்குப் போட முடியுமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்து, புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளராக வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய அத்தை குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று பாரிஸ் புறநகரில் இருக்கிறது. அத்தையின் இளைய மகனுக்குக் கல்யாணம். வாசகர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 67 வயது அம்மா என ஐந்து பேரும் மே மாதம் போனார்கள். கல்யாண வீட்டில் இடம் இல்லை. ஓர் இணைய முன்பதிவுத் தளம் வழியாக கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அருகே ஐந்தாவது மாடியில் ஒரு வீட்டை எட்டு இரவுக்கு எடுத்தார்கள். கிரெடிட் கார்டில் கட்டிய தொகை 1,74,000 ரூபாய். போய்ச் சேர்ந்தால் லிஃப்ட் ஓடவில்லை. ஐந்து பேருக்குப் படுக்கை என்றார்கள். அதில் இரண்டு பேருக்கான சோபா விரியவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் அம்மாவின் கை, கழுத்தெல்லாம் மூட்டைப்பூச்சிக் கடி. வீட்டுக்காரர் "நாளைக்குச் சரியாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொண்டே இருந்தார். கூடுதல் ஆளுக்கு என்று 120 யூரோ ரொக்கமும் வாங்கிக்கொண்டார். நான்காம் நாள் தளத்தின் உதவி மையத்துக்குப் போன் செய்தபோது "காலம் கடந்துவிட்டது" என்றார்கள். கடைசி மூன்று இரவும் அம்மாவையும் மனைவியையும் ஒரு சின்ன ஹோட்டலுக்கு மாற்றியதில் 42,000 ரூபாய் தனிச் செலவு. ஊர் திரும்பிய பிறகு தளம் 8,000 ரூபாய்க்கு கூப்பன் தருகிறேன் என்கிறது. வீட்டுக்காரரோ சமையல் அறைச் சுவரில் மஞ்சள் கறை, வீடு முழுக்க மசாலா வாடை என்று சொல்லி 180 யூரோ கேட்கிறார்.

இவருடைய கேள்விகள்: பாரிஸில் வழக்குப் போட வேண்டுமா, இங்கே போடலாமா? மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் கேட்கலாமா? பயணக் காப்பீடு தருமா? அந்த வீட்டுக்காரரின் படத்தையும் போன் நம்பரையும் பேஸ்புக்கில் போடலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் உங்கள் புகார்ப் பட்டியலைப் பற்றிப் பேசிவிடுவோம். பதினொரு குறைகள் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஏழு குறைகளை இப்போதே அடித்துவிடுங்கள். ஏசி இல்லை, ஃபேன் இல்லை, கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இல்லை, மிக்ஸி இல்லை, அறை சிறிது, ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர், இரவு பத்து மணிக்கு மேல் கீழ்வீட்டுக்காரர் கத்தினார். இவை எதையும் அந்த விளம்பரம் உங்களுக்கு வாக்களிக்கவில்லை. பாரிஸின் பழைய குடியிருப்புகளில் ஏசி இருப்பதுதான் அதிசயம். இவற்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொடுத்தால், எதிர்த்தரப்பு வக்கீல் இந்த ஏழிலிருந்துதான் ஆரம்பிப்பார். உங்களை வசதி கேட்டு அடம்பிடிக்கும் விருந்தாளியாகக் காட்டிவிடுவார். எட்டாவது குறை, இரண்டு பேர் குளித்ததும் வெந்நீர் தீர்ந்துபோனது. கொதிகலன் தொட்டியின் அளவு அவ்வளவுதான் என்பார்கள். அதையும் விட்டுவிடலாம் என்பதே என் யோசனை.

மிஞ்சுவது மூன்று: லிஃப்ட், படுக்கை, மூட்டைப்பூச்சி. இந்த மூன்றும் வலுவானவை. அதிலும் லிஃப்ட்தான் உங்கள் வழக்கின் உயிர். விளம்பரத்தில் "லிஃப்ட் உண்டு" என்ற இடத்தில் குறியிட்டிருக்கிறார்கள். முன்பதிவு உறுதியான மின்னஞ்சலிலும் அது இருக்கிறது. கட்டட நிர்வாகம் லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பை உங்கள் மகள் படம் எடுத்திருக்கிறாள். அதில் ஏப்ரல் மாதத் தேதி. நீங்கள் போனது மே மாதம். லிஃப்டைச் சரிசெய்வது கட்டட நிர்வாகத்தின் வேலை, வீட்டுக்காரரின் வேலை இல்லை என்று அவர் வாதிடலாம். சரி, இருக்கட்டும். ஆனால் ஓடவில்லை என்று தெரிந்தும் உங்களிடம் சொல்லாமல் இருந்தது அவருடைய குற்றம்தானே. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாட்டை மட்டும் பார்ப்பதில்லை; தெரிந்தே முக்கியமான தகவலை மறைப்பதையும் பார்க்கிறது.

கடிதத்தின் ஐந்தாவது பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: முதல் நாள் இரவே தளத்தின் உள்பெட்டியில் "லிஃப்ட் வேலை செய்யவில்லை, அம்மாவை எப்படி மேலே அழைத்துப் போவது?" என்று வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பினீர்கள், அவர் பதில் போடவில்லை, அதனால் வாட்ஸ்அப்புக்கு மாறினீர்கள் என்று. இந்த வரிதான் கடிதத்திலேயே முக்கியமானது. பல தளங்களில் குறை தெரிந்த 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. சிலவற்றில் அது 24 மணி நேரம்தான். உதவி மையத்தை நான்காம் நாள் அழைத்ததை வைத்துத்தான் "காலம் கடந்தது" என்கிறார்கள். ஆனால் முதல் இரவே அவர்களுடைய சொந்த உள்பெட்டியில் குறை பதிவாகியிருக்கிறது. அதைத் தேதி, நேரத்தோடு இன்றே படம் பிடித்து வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலும் சாட்சிதான், ஆனால் அது தளத்தின் கண்ணுக்கு எட்டாதது. வீட்டுக்காரர்கள் உங்களை வாட்ஸ்அப்புக்கு இழுப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

எட்டு நாளும் தங்கியதால் உரிமை போய்விட்டதா?

தளம் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நீங்களும் பாதி நம்பிவிட்டீர்கள். தங்கியதால் உரிமை போவதில்லை. திரும்பக் கிடைக்கும் தொகைதான் குறையும். கூரையும் சமையல் அறையும் அனுபவித்திருக்கிறீர்கள், ஆகவே 1,74,000 முழுவதையும் கேட்பது நியாயமாகத் தெரியாது. அம்மாவை ஹோட்டலுக்கு மாற்றியது உங்களுக்குச் சாதகம். இழப்பைக் குறைத்துக்கொள்ள உங்களால் ஆனதைச் செய்திருக்கிறீர்கள். அதற்கு ரசீதும் இருக்கிறது.

வீட்டை விட்டு வெளியேறினால் விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று பயந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இதே பயத்தில் மோசமான இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தவர்களைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருக்கிறேன். ஷெங்கன் விசாவுக்கு (பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) நீங்கள் காட்டிய தங்குமிடம், உங்கள் பயணத் திட்டம் உண்மையானது என்பதற்கான ஆதாரம். நடுவில் வேறு இடத்துக்கு மாறுவதே விசா மீறல் ஆகாது. புதிய இடத்தின் ரசீதைக் கையில் வைத்திருந்தால் போதும்.

மூட்டைப்பூச்சி விஷயத்தில் வீட்டுக்காரர் "நீங்கள்தான் பெட்டியில் கொண்டுவந்தீர்கள்" என்று சொல்லியிருக்கிறார். எதிர்பார்க்க வேண்டிய பதில்தான். 2023 இலையுதிர் காலத்தில் பாரிஸ் மூட்டைப்பூச்சி உலகச் செய்தியே ஆனது, ஆனால் அந்தச் செய்தி உங்கள் அறையை நிரூபிக்காது. மெத்தைத் தையலில் கறுப்புப் புள்ளிகள் தெரியும் படமும், மருந்துக் கடை ரசீதும், அம்மாவின் கையைப் பார்த்து இங்கே டாக்டர் எழுதிய சீட்டும் சேர்ந்தால்தான் கனம் வரும். படங்களை எடுத்த போனிலிருந்தே மூலக் கோப்பாக நகல் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பித் திரும்ப இறக்கிய படத்தில் எடுத்த தேதி, நேர விவரம் அழிந்துபோயிருக்கும்.

பணம் திரும்பும் வழிகள்

முதல் வழி தளத்தின் குறைதீர் அலுவலர். உதவி மையத்தில் போன் எடுப்பவர் வேறு, இவர் வேறு. 2020 மின்வணிக விதிகளின்படி, இந்தியாவில் பதிவாகாத நிறுவனமாக இருந்தாலும், இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து சேவை விற்றால் இந்த விதிகள் அதற்கும் பொருந்தும். குறைதீர் அலுவலர் புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். தளத்தின் அடிப்பகுதியில் சின்ன எழுத்தில் அவருடைய மின்னஞ்சல் இருக்கும். ஒரு பக்கத்துக்கு மிகாமல், மூன்று குறைகள், மூன்று ஆதாரங்கள், கேட்கும் தொகை என்று எழுதுங்கள். கோபத்தை இந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்துவிடுங்கள், செலவில்லாதது.

8,000 ரூபாய் கூப்பனை ஏற்காதீர்கள். ஏற்றுக்கொள் பொத்தானுக்கு மேலே "இத்துடன் இந்தப் புகார் முழுமையாக முடிந்தது" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

இரண்டாவது வழி உங்கள் வங்கி. அலுவலகத்தில் ஒருவர் "மூன்று நாளுக்குள் வங்கியிடம் சொல்லியிருக்க வேண்டும், போச்சு" என்றாராம். அவர் சொல்வது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. அது நமக்குத் தெரியாமல் யாரோ பணத்தை எடுத்துவிடும் மோசடிக்கானது. உங்களுடையது வேறு: நீங்களே விரும்பிக் கட்டினீர்கள், ஆனால் கிடைத்த சேவை சொன்னபடி இல்லை. இதற்கு விசா, மாஸ்டர்கார்டு வலையமைப்புகளின் விதிகளில் சார்ஜ்பேக் என்ற நடைமுறை இருக்கிறது; கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது. பொதுவாக 120 நாள் அவகாசம். நீங்கள் திரும்பி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் வங்கிகள் தங்கள் அளவில் குறைந்த கெடுவும் வைக்கின்றன. அதனால் குறைதீர் அலுவலரின் ஒரு மாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே கார்டு தகராறுப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். முழுத் தொகையைக் கேட்காமல் பகுதித் தொகையைக் கேளுங்கள். நிராகரிக்கப்படும் வாய்ப்பு குறைவு. வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால், அல்லது சொன்ன பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம், அதாவது வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஓர் ஆபத்தும் உண்டு: சார்ஜ்பேக் போட்டவர்களின் கணக்கைச் சில தளங்கள் முடக்கிவிடுகின்றன. அதே தளத்தில் வேறு முன்பதிவு ஏதாவது இருந்தால் முதலில் அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கார்டில் போகாத அந்த 120 யூரோ? உண்மையைச் சொன்னால், அது திரும்புவது கடினம். தளத்துக்கு வெளியே கொடுத்த பணத்துக்குத் தளம் பொறுப்பேற்காது. வங்கியிடம் தடயம் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் ரொக்கம் கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி வேறு விதத்தில் உதவும். ஐந்து பேர் என்று சொல்லித்தான் முன்பதிவு செய்திருக்கிறீர்கள்; அப்படியிருக்க "கூடுதல் ஆள்" எங்கிருந்து வந்தார்?

கடலூரா, புதுச்சேரியா, பாரிஸா?

இதுதான் உங்கள் பெரிய கேள்வி. பாரிஸ் போக வேண்டாம். 2019 சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் ஊரிலோ, பிழைப்புக்காக வேலை பார்க்கும் ஊரிலோ புகார் கொடுக்கலாம் என்கிறது. பழைய 1986 சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்தையோ, பிரச்சினை எழுந்த இடத்தையோ தேடிப் போக வேண்டியிருந்தது. உங்களுக்கு இப்போது இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன: கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், அல்லது புதுச்சேரியில் உள்ள ஆணையம். தினமும் பேருந்தில் போய் வருபவர் என்பதால் எது வசதி என்பது உங்களுக்கே தெரியும். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யவும், காணொலி விசாரணை கேட்கவும் வழி உண்டு. பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம்.

தளத்தின் நிபந்தனைகளில் வெளிநாட்டு நீதிமன்றம், நடுவர் மன்றம் என்றெல்லாம் இருப்பதைப் பார்த்து மிரண்டிருக்கிறீர்கள். நடுவர் மன்ற நிபந்தனை இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது என்று 2018இல் எம்மார் எம்ஜிஎஃப் – அஃப்தாப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நுகர்வோர் சட்டம் மற்ற சட்டங்களுக்குக் கூடுதலானது, அவற்றைக் குறைப்பதல்ல என்று 100ஆம் பிரிவும் சொல்கிறது.

ஆனால் வழக்குப் போடுவது வேறு, பணம் வாங்குவது வேறு. வீட்டுக்காரரை மட்டும் எதிர்த்தரப்பாகச் சேர்த்து இங்கே உத்தரவு வாங்கினால், அதை பாரிஸில் நிறைவேற்ற அங்குள்ள நீதிமன்றத்தில் தனியாக அனுமதி பெற வேண்டும். அந்தச் செலவில் இன்னொரு முறை கல்யாணத்துக்கே போய் வரலாம். ஆகவே தளம்தான் முதல் எதிர்த்தரப்பு. கார்டு அறிக்கையிலும் சேவைக் கட்டண ரசீதிலும் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இந்தியாவில் பதிவான கிளை நிறுவனம் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். "நாங்கள் வெறும் இடைத்தரகர்" என்பார்கள். விளம்பரத்தைக் காட்டி, பணத்தை வாங்கி, அதில் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, புகாரைத் தாங்களே விசாரித்துத் தீர்ப்பும் சொன்னவர் வெறும் இடைத்தரகரா என்பதை ஆணையத்தின் முன் கேட்க வேண்டியதுதான். ஜெயிப்போம் என்று நான் உறுதி தரமாட்டேன். சமரசத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. இந்த அளவு தொகையில் அங்கேயே முடிந்தால் உங்களுக்கும் நல்லது.

பிரான்சில் இலவசச் சமரச அலுவலர் முறை உண்டு. 5,000 யூரோவுக்கு உட்பட்ட வழக்குகளில் பொதுவாக முதலில் சமரசம் முயன்றாக வேண்டும். ஊரில் இல்லாமல் அதை நடத்துவது சிரமம், பரிந்துரைக்க மாட்டேன். பாரிஸில் சுற்றுலா வாடகை விளம்பரத்தில் மாநகராட்சிப் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது உண்மை. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டை 2025 முதல் ஆண்டுக்கு 90 நாள்தான் இப்படி வாடகைக்கு விட முடியும் என்பதும் உண்மை, முன்பு அது 120. அந்த எண் இல்லை என்றால் தளத்துக்கு எழுதும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். அவருக்கு அபராதம் விழலாம். உங்கள் பையில் ஒரு யூரோ வராது.

பத்து லட்சம்

கேட்கலாம், தடையில்லை. ஆனால் கேட்காதீர்கள். ஆணையத்தின் வரம்பும் கட்டணமும் நீங்கள் செலுத்திய தொகையை வைத்துத்தான். ஐந்து லட்சம் வரை செலுத்தியிருந்தால் கட்டணமே இல்லை. அதனால் பெரிதாகக் கேட்டால் நஷ்டம் இல்லை என்று தோன்றும். 1,74,000 ரூபாய் வீட்டுக்குப் பத்து லட்சம் உளைச்சல் என்றால், மற்ற கணக்கும் சந்தேகத்துக்கு உள்ளாகும். நான் எழுதினால் வாடகையில் ஒரு பங்கு, ஹோட்டல் செலவு 42,000, மருத்துவச் செலவு, அம்மா ஐந்து மாடி ஏறி இறங்கிய வேதனைக்கு அளவான ஒரு தொகை, வழக்குச் செலவு, இவ்வளவுதான் கேட்பேன். படங்கள், உரையாடல்கள் ஆகியவற்றுக்கு 2023 பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழையும் இணைத்துவிடுங்கள், பிற்பாடு யாரும் கேள்வி கேட்க முடியாது.

பயணக் காப்பீட்டைப் பற்றி: ஷெங்கன் விசாவுக்குக் கட்டாயமான குறைந்தது 30,000 யூரோ காப்பீடு, அவசர மருத்துவத்துக்கானது. வீடு மோசம் என்பதற்கு அது பணம் தராது. அம்மாவுக்கு அங்கே டாக்டரைப் பார்த்திருந்தால் கேட்டிருக்கலாம். மருந்துக் கடைக் களிம்பு மட்டும் என்றால், பாலிசியில் நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகைக்குள் அது அடங்கிவிடும்.

மஞ்சள் கறைக்கு 180 யூரோ

இதை அலட்சியமாக விடாதீர்கள். பதில் சொல்லாவிட்டால் சில தளங்கள் உங்கள் கார்டிலிருந்தே எடுத்துவிடும். கெடு முடிவதற்குள் தளத்தின் உள்பெட்டியிலேயே மறுப்பு எழுதுங்கள்: கறையின் தேதியிட்ட படம் எங்கே, சுத்தம் செய்தவரின் பில் எங்கே, வாடகையோடு ஏற்கெனவே வாங்கிய சுத்தக் கட்டணம் எதற்கு? வாடைக்குப் பில் போட முடியாது. கறை உண்மையிலேயே உங்களால் வந்தது என்றால், பில்லைப் பார்த்து நியாயமான தொகையைக் கொடுத்துவிடலாம் என்று எழுதுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆணையத்தில் அது உங்கள் நேர்மைக்குச் சாட்சியாகவும் நிற்கும்.

பேஸ்புக்கில் படமும் நம்பரும் போடும் யோசனையைக் கைவிடுங்கள். தளத்திலேயே மதிப்புரை எழுதுங்கள்; சில தளங்களில் அதற்கு 14 நாள்தான், உங்களுக்கு முடிந்திருக்கலாம். எங்கே எழுதினாலும் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: லிஃப்ட் எட்டு நாளும் ஓடவில்லை, சோபா விரியவில்லை. "திருடன்" என்று எழுதினால் நீங்கள் அவதூறு வழக்கில் பதில் சொல்ல வேண்டிவரும். "பணம் தராவிட்டால் மோசமாக எழுதுவேன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறீர்களே, அப்படி இனி அனுப்ப வேண்டாம். தளங்களின் விதிப்படி அது மிரட்டல். அந்த ஒரு செய்தியைத்தான் எதிர்த்தரப்பு முதல் பக்கத்தில் இணைக்கும். ஏற்கெனவே அனுப்பியதை அழிக்காதீர்கள். அழித்தது தெரிந்தால் இன்னும் மோசம்.

கடைசியாக, உங்கள் மனைவி கேட்கச் சொன்ன கேள்வி. அந்த வீட்டைக் கண்டுபிடித்துச் சொன்னது அத்தையின் மூத்த மகன், வழக்கு என்று போனால் அவரும் மாட்டிக்கொள்வாரா, குடும்பத்தில் மனக்கசப்பு வருமா என்று கேட்டிருக்கிறார். சட்டப்படி மச்சானுக்கு எதுவும் இல்லை. அவர் பணம் வாங்கவில்லை, ஒப்பந்தத்தில் இல்லை. இணைப்பை அனுப்பினார், அவ்வளவுதான். இன்னும் சொல்லப்போனால் அவர் உங்களுக்குப் பயன்படுவார். கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கிக் காரில் ஏற்றியது அவர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். லிஃப்ட் ஓடாததை நேரில் பார்த்த, உங்களோடு தங்காத ஒரே ஆள் அவர். தான் பார்த்ததைத் தேதியோடு ஒரு மின்னஞ்சலாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பிரமாணப் பத்திரம் தேவைப்பட்டால் பிறகு பார்க்கலாம். ஆணையத்திலிருந்து ஏதோ காகிதம் வந்து அவர் விஷயத்தைத் தெரிந்துகொள்வதைவிட, நீங்களே இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்து சொல்லிவிடுவது நல்லது.